காரணம் என்றொரு நிரல்

தலைமை அலுவலகம் அனுப்பிய படிவத்தில் நான்கு நிரல்கள்தான் இருந்தன. தொடரிலக்கம், பெயர், இடமாற்றத்துக்கு விருப்பமா இல்லையா, கையொப்பம். ஐந்தாவது நிரலை நான் வரைந்தேன். வலப்பக்க ஓரத்தில் வெற்றிடம் இருந்தது. அடிமட்டம் வைத்து, பென்சிலால், பதினொரு தாள்களிலும் ஒரே அளவில் கோடிட்டு, மேலே ‘காரணம்’ என்று எழுதினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நூற்றுப் பதினாறு பெண்கள் தங்கள் வேலையைத் தாங்களே விட்டுப் போனார்கள் என்று பின்னர் முடிவாவதற்கு அந்த நிரல் போதுமாக இருந்தது.

கல்முனையிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் போகும் வீதியில், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு ஆடைத் தொழிற்சாலையின் கிளையில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். கட்டடம் முன்பு நெல் களஞ்சியம். போகத்தில் வெளியே அறுவடை இயந்திரம் ஓடினால் உள்ளே உமித்தூசு வரும். அந்த நாட்களில் வெள்ளைத் துணி வெட்ட மாட்டோம். மூன்று தையல் லைன்கள் இருந்தன. சாய்ந்தமருது, மருதமுனை, மாவடிப்பள்ளி, நாவிதன்வெளி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பெண்கள் பஸ்ஸில் வந்தார்கள். கிளை சிறியது என்பதால் ஆளணிப் பதிவுகளும் அனுப்புகைப் பத்திரங்களும் ஒரே மேசைக்கு, அதாவது என் மேசைக்கு வந்தன. ஆகவே யார் எந்த நாளில் வேலைக்கு வந்தார்கள் என்பதும், அவர்கள் தைத்தது எந்தத் துறைமுகத்துக்குப் போனது என்பதும் எனக்குத் தெரியும். பெரும்பாலும் பாடசாலைக் காற்சட்டைகள். சாம்பலும் கறுப்பும். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் போகிறது என்ற செய்தியை நாங்கள் தேநீர் நேரத்தில், உணவறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அண்ணன் என்ற முறையில் என்னை எல்லோரும் ‘காக்கா’ என்றே கூப்பிடுவார்கள். ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“காக்கா, லண்டன்காரங்க பிரியப் போறாங்களாமே. யாரோட சண்டை?”

நான் விளக்கினேன். “பக்கத்துப் பக்கத்து நாடுகள் சேந்து ஒரு சந்தை வச்சிரிக்காங்க. அதுக்குள்ள சாமான் போய்வர வரி இல்ல, மறிப்பு இல்ல. அதிலயிரிந்து இவங்க வெளிய போறாங்களாம்.”

“அப்ப தலாக்” என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தார்கள். யோசித்ததற்குக் காரணம், சொன்னவள் தானே தலாக் சொல்லப்பட்டவள். இரண்டாம் லைனில் காற்சட்டைப் பை வைப்பவள். தொழிற்சாலை திறந்த முதல் மாதத்திலேயே சேர்ந்தவள். பை வைப்பதில் அவள் கைக்கு நிகரான கை எங்களிடம் இல்லை என்பதைத் தரப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தே சொல்லலாம். அவளுடைய இலக்கத்துக்கு நேரே திருப்பி அனுப்பியது என்று ஏதும் இருக்காது.

வாக்கெடுப்பு முடிந்தும் அந்த நாடு வெளியேறவில்லை. பேச்சுவார்த்தை, தவணை, மறுதவணை. தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலத்தை வைத்து அவள் என் மேசையைக் கடக்கும்போது கேட்பாள்: “காக்கா, லண்டன்ட இத்தா இன்னும் முடியல்லயா? நான் நாலு மாசத்துக்குள்ள முடிச்சிட்டன்.”

“பெரிய இடத்துக் கலியாணம். மெதுவாத்தான் முடியும்.”

“முடியட்டும், முடியட்டும். நம்மள விட்டாச் சரி.”

எங்களை விடவில்லை. ஆனால் ஒரே நாளிலும் பிடிக்கவில்லை. அதனால்தான் யாருக்கும் விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் அந்த நாட்டின் தலையில் போட மாட்டேன். நோய்க்காலம் வந்தது, டொலர் இல்லாமல் போனது, எரிபொருள் வரிசை வந்தது, மின்வெட்டு வந்தது. எங்கள் நாடே படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. இருந்தாலும் பத்திரங்களைத் தயாரித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாக் கஷ்டங்களும் வந்து போயின. இது வந்து தங்கியது.

முன்பு எங்கள் பெட்டிகள் எல்லாம் இங்கிலாந்தில் ஒரே களஞ்சியத்துக்குப் போகும். அங்கிருந்து அந்த வியாபாரி தன் இங்கிலாந்துக் கடைகளுக்கும் அயர்லாந்துக் கடைகளுக்கும் அதற்கப்பால் உள்ளவற்றுக்கும் பிரித்து அனுப்புவார். எங்களுக்கு ஒரு ஓடர், ஒரு பத்திரத் தொகுதி. வெளியேறிய பின், இங்கிலாந்துக்குள் போன காற்சட்டை அங்கிருந்து அயர்லாந்துக்குக் கடந்தால் எல்லையில் மறுபடியும் வரி. தைத்தது இலங்கையில். இங்கிலாந்தில் அதற்கு ஒரு பொத்தான்கூடத் தைக்கப்படவில்லை. இலங்கைக்குக் கிடைத்த வரிச் சலுகை நேரே போனால் செல்லும், சுற்றிப் போனால் செல்லாது. ஆகவே வியாபாரி எங்கள் ஓடரை இரண்டாகப் பிரித்தார். ஒன்று இங்கிலாந்துக்கு, மற்றது நேரே ஐரோப்பாவுக்கு. இரண்டு பெட்டித் தொகுதி, எங்கே தைத்தது என்பதற்கு இரண்டு வகைச் சான்று.

நான் இரண்டாவது வகைத் தாளை முதன்முதலில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன காக்கா, ஒரே காற்சட்டைக்கு ரெண்டு பிறப்புச் சாட்சிப் பத்திரமா?”

“வாங்கிறவங்க ரெண்டு வீட்டுக்காரங்க ஆயிட்டாங்க புள்ள.”

“உம்மா நாமதானே? அத மட்டும் மாத்தாம எழுதுங்க.”

ஓடர் இரண்டாகப் பிரிந்ததை மேலே இருப்பவர்கள் காகித வேலை என்று நினைத்தார்கள். அது லைனில் நடந்த வேலை. ஒரு புதிய வகையைத் தைக்கத் தொடங்கினால் முதல் மூன்று நாள் கை ஓடாது. நான்காம் நாள் பழகும். ஐந்தாம் நாளிலிருந்துதான் தொழிற்சாலைக்கு இலாபம். பெரிய ஓடர் மூன்று கிழமை ஓடும்; பழகாத மூன்று நாளை அது விழுங்கிவிடும். ஓடரைப் பிரித்துச் சிறிதாக்கினால் கை பழகும் நேரத்தில் ஓடர் முடிந்துவிடும். ஐரோப்பாவுக்கு வேறு லேபல், வேறு மடிப்பு, வேறு பெட்டி. மூன்று லைன் உள்ள எங்களால் ஒரு லைனை அதற்கென்று ஒதுக்க முடியவில்லை. இரண்டு பருவம் தட்டுத்தடுமாறிச் செய்தோம். பிறகு அந்தப் பாதியை வியாபாரி ஐரோப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். மீதிப் பாதி எங்களுடைய தாய்த் தொழிற்சாலைக்கே போதாது. அது மேற்கே, துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறது. பெரியது. கிளைகளை மூடித் தாயுடன் சேர்ப்பது என்று தலைமை அலுவலகம் தீர்மானித்தது.

மெனேஜர் கொழும்புப் பக்கத்தவர். என்னை விட வயது குறைந்தவர், நம்மவர், ஐந்து வேளையும் தொழுபவர், கத்திப் பேசாதவர். ஒரு புதன்கிழமை லுஹர் தொழுகைக்குப் பின் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொல்லி, வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

“யாரையும் நிப்பாட்டப் போறதில்ல. அத முதல்ல சொல்லிடுறேன். எல்லாருக்கும் மெயின் ஃபெக்டரியில இடம் இருக்கு. ஹொஸ்டல் இருக்கு. சாப்பாடு கம்பனி தரும். விருப்பமானவங்க வரலாம்.”

மூன்றாம் லைனில் வயதான ஒருத்தி கேட்டாள்: “சேர், ஹொஸ்டலுக்கு மனிசனையும் கூட்டி வரலாமா?”

“இல்ல, அது பொண்ணுங்களுக்கு மட்டும்.”

“அப்ப அவர யாருக்கிட்ட குடுத்திட்டு வாற? வீட்டோட சேத்துக் குடுத்ததெல்லா?”

சிரிப்பு எழுந்தது. மெனேஜருக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். நானும் அப்படி வந்தவன்தான். இருபத்தாறு வருடமாக நான் என் மனைவியின் வீட்டில், அவள் வளர்ந்த ஒழுங்கையில் வாழ்கிறேன். இங்கே ஒரு பெண் வேலைக்காக ஊர் மாறுவது என்றால் அவளோடு ஒரு வீடும் ஒரு புருஷனும் பிள்ளைகளும் நடமாட ஏலாத வாப்பாவும் நகர வேண்டும். ஆண் நகர்ந்தால் ஒரு பை மட்டும் நகரும். மெனேஜர் இதை அறிந்திருக்கவில்லை என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தப் படிவத்தை எழுதிய யாரோ ஒருவர் நன்றாக அறிந்திருந்தார் என்பதையும் நம்புகிறேன்.

படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு. பெண்கள் தயங்கினார்கள். “இதில கையெழுத்து வச்சா என்ன காக்கா ஆகும்?” என்று கேட்டார்கள். தகவலுக்குத்தான் என்றேன். அப்படித்தான் எனக்கும் சொல்லப்பட்டிருந்தது. வெறுமனே ‘விருப்பமில்லை’ என்று நூறு பேர் எழுதினால் திமிர் பிடித்தவர்கள் என்று மேலே நினைப்பார்களே என்று எனக்குப் பட்டது. காரணத்தையும் எழுதி அனுப்பினால் யாராவது வாசிப்பார், ஒரு லைனையாவது இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பார் என்று எண்ணினேன். அதற்காகத்தான் அந்த நிரல்.

இரண்டு நாள் என் மேசைக்கு முன்னால் வரிசை. ஒருத்தி சொன்னாள்: “வாப்பா விழுந்து கிடக்கார் காக்கா. பீயும் மூத்திரமும் நான்தான் அள்ளுற. அவர விட்டுட்டு எப்பிடிப் போற?” நான் ‘குடும்பக் காரணம்’ என்று எழுதினேன். இன்னொருத்தி: “மூணு புள்ள. அவருக்குக் கடல். கரவலை இழுத்திட்டு எப்ப வருவார் எண்டு அவருக்கே தெரியா.” ‘குடும்பக் காரணம்.’ இன்னொருத்தி கோபமாக: “நான் ஏன் போகணும்? ஃபெக்டரியத்தானே அவங்க மூடுறாங்க? நானா மூடுற?” அதற்கு என்ன எழுதுவது என்று சற்று யோசித்தேன். ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினேன். நிரலின் அகலம் அவ்வளவுதான்.

நாற்பத்தோராவது அவள். பை வைப்பவள்.

“விருப்பம்” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“விளையாட்டில்ல காக்கா. எழுதுங்க. எனக்கு மனிசன் இல்ல, மறிக்கிறதுக்கு. உம்மா இரிக்கா மகளப் பாக்க. மாசத்துக்கு ரெண்டு தரம் வந்து போவன்.”

“காரணம் என்ன எழுத?”

“விருப்பத்துக்கும் காரணம் கேக்குறாங்களா?”

“நிரல் வெறுமையா இரிக்கக் கூடாது புள்ள.”

அவள் சிரித்தாள். “அப்ப எழுதுங்க. வீடு எங்கயும் ஓடிப் போகா. வேலதான் ஓடுது. அதுக்குப் பின்னால நான் போறன்.”

‘தொழில் தேவை’ என்று எழுதினேன். நூற்றுப் பதினாறு பேரில் விருப்பம் என்றவள் அவள் ஒருத்தி மட்டும்தான்.

தாள்களைக் கணினியில் வருடி அனுப்பினேன். அடுத்த நாள் மெனேஜர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

“நாப்பத்தொண்டு யாரு?”

சொன்னேன்.

“எவ்வளவு காலம் சேவை?”

அதையும் சொன்னேன்.

அவர் நெற்றியைத் தடவினார். “ஹெட் ஒஃபிஸ்ல பிரச்சின பண்றாங்க. எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தா ஒரு கடிதத்தோட முடிஞ்சிடும். ஒருத்தி மட்டும் வாறேன்டா, பழைய சேவையோட, பழைய சம்பளத்தோட அங்க ஏத்துக்கணும். அங்க புதுசா எடுக்கிறது வேற கணக்கு. விளங்குதுதானே?”

“இடம் இருக்குண்டு நீங்கதானே சேர் சொன்னீங்க?”

“நான் சொன்னேன். எனக்குச் சொன்னதச் சொன்னேன்.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நீங்க இந்த ஊர் ஆள். நீங்க சொன்னாக் கேப்பாங்க. பொண்ணு ஒண்ணு தனியா அங்க வந்து கஷ்டப்பட வேணாம்னு நல்ல விதமா எடுத்துச் சொல்லுங்க. ஆ, உங்களுக்கு அங்க ஸ்டோர்ஸ்ல ஒரு இடம் பேசி வச்சிருக்கேன். ஆம்புளைக்குப் பிரச்சின இல்லையே.”

ஒன்றைச் செய்தால் மற்றது கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் அவருடைய வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்தேன். எழுதும்போதே நான் அவளிடம் பேசப் போவேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அவளுடைய வீட்டுக்குப் போனேன். பையில் படிவத்தின் நான்காம் தாள், பேனா, அடிமட்டம். அவளுடைய உம்மா பிளேன்டீயும் ஒரு தட்டில் மஸ்கட் இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பவள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். காக்கா வந்திருக்கிறார், முக்கியமான கதை என்று இடம் விட்டார்கள். அந்த மரியாதையின் நடுவில் உட்கார்ந்துதான் நான் பேசினேன்.

அங்கே நம் ஊர்ப் பெண்கள் யாரும் இல்லை என்றேன். ஹொஸ்டல் என்றால் எப்படி இருக்குமோ என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

“குவைத்துக்குப் போனவங்க எத்தின பேர் இந்த ஒழுங்கையில? அங்க நம்மட ஊர்ப் பொண்டுகள் காத்துக்கொண்டா நிண்டாங்க? இது பஸ்ஸில போற தூரம்.”

பிறகு நான் கடைசியாக வைத்திருந்ததை எடுத்தேன்.

“மகள் வளந்திட்டா புள்ள. நாளைக்கு மாப்பிள்ளை கேட்டு வாறவங்க, உம்மா எங்க எண்டு கேட்டா என்ன சொல்ற? ஊர் எப்பிடிக் கதைக்கும் எண்டு உனக்குத் தெரியும்.”

அவள் முகம் மாறியது. தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இத வேற யாரும் சொன்னா ஏசியிரிப்பன்” என்றாள். “நீங்க சொல்லப்படாது காக்கா.”

நான் பையிலிருந்து தாளை எடுத்தேன்.

“ஒண்டு மட்டும் சொல்லுங்க. இது கம்பனி சொல்லிவிட்ட கதையா, நீங்க சொல்ற கதையா?”

“நான்தான் சொல்றன்” என்றேன்.

“கம்பனி சொல்லல்லயே?”

“இல்ல.”

“அப்பச் சரி” என்றாள். “கம்பனி எண்டா வேணுமெண்டே போயிரிப்பன். நீங்க எங்கட நல்லதுக்குத்தான் சொல்லுவீங்க.”

அடிமட்டத்தை வைத்து ‘விருப்பம்’ என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டினேன். பக்கத்தில் ‘விருப்பமில்லை’ என்று எழுதினேன். ‘தொழில் தேவை’யை வெட்டிக் ‘குடும்பக் காரணம்’ ஆக்கினேன். இரண்டு திருத்தத்துக்கும் பக்கத்தில் கையொப்பம் வேண்டும் என்றேன். வைத்தாள். கோடு நேராக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எங்கே போனீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். முழுதாக அல்ல; அவள் தூரத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது என்று புத்தி சொன்னதாக மட்டும்.

மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “அவள் போனா உங்களுக்கென்ன?”

“பொண் புள்ள தனிய…”

“நீங்களும் உங்கட உம்மாட வீட்ட விட்டுட்டுத்தானே இஞ்ச வந்தீங்க? அப்ப உங்களுக்கு யாரும் புத்தி சொன்னாங்களா?”

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். அன்றைய குறிப்பு என் மற்றைய நாட்களின் குறிப்புகளை விட நீளமானது. கம்பனி சொல்லிவிட்டதா என்று பை வைப்பவள் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் அதில் உள்ளன. மெனேஜரின் வார்த்தைகள் இருக்கும் பக்கத்துக்கு மூன்று பக்கம் தள்ளி.

இயந்திரங்கள் லொறியில் ஏறின. மூடிய பின் வீட்டுக்கு வந்த கடிதத்தில் ‘இடமாற்றத்தைத் தாங்கள் ஏற்றுக்கொள்ளாமையால்’ என்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் பெண்களுக்கு விளங்கியது. நிறுத்தியதாக இல்லை, நின்றதாக இருந்தது. நிறுத்தப்பட்டவர்களுக்கு உள்ள நட்டஈட்டு உரிமை எதுவும் நின்றவர்களுக்கு இல்லை. வேறு தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டாலும் கையில் இருக்கும் கடிதம் அதையே சொல்லும். அவர்களில் இருபது பேர் அளவில் அரசின் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்தார்கள். பை வைப்பவளும் அவர்களில் ஒருத்தி. விசாரணைக்கு என்னையும் அழைத்தார்கள், கம்பனித் தரப்புச் சாட்சியாக.

விசாரித்த உத்தியோகத்தர் ஒரு பெண்மணி. பதினொரு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

“இந்தக் காரணங்களை எழுதியது யார்?”

“நான், மிஸ்.”

“கம்பனி கேட்டதா?”

“இல்ல, மிஸ்.”

கம்பனியின் சார்பில் வந்திருந்தவர் அந்த இடத்தில்தான் முதன்முதலாகப் பேசினார். கம்பனி காரணம் எதுவும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளும்படி சொன்னார். ஒவ்வொருவரும் தாமாகவே முன்வந்து தம் சொந்தக் காரணத்தைத் தெரிவித்திருக்கிறார்கள் என்றார். மரியாதையாகச் சொன்னார். என் பக்கம் திரும்பித் தலையை இலேசாக அசைத்தார், நன்றி சொல்வதுபோல.

உத்தியோகத்தர் நாலாம் தாளில் நிறுத்தினார். “இதில் திருத்தம் இருக்கிறதே.”

அவள் எழுந்து நின்றாள். “ஓம் மிஸ். நான் போறன் எண்டுதான் எழுதின. இவர் வீட்ட வந்து கதைச்சதால மாத்தின.”

“கம்பனி சொல்லி வந்தாரா?”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. இப்போதாவது சொல்லுங்கள் என்ற கேள்வி இருந்தது. “அவரையே கேளுங்க மிஸ்” என்றாள்.

என்னைக் கேட்டார்கள். நாட்குறிப்பு அன்று என் பையில் இருந்தது. அதை ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்குத் தெரியும். ஏன் வெளியே எடுக்கவில்லை என்பதும் தெரியும். ஸ்டோர்ஸ் வேலைக்கான கடிதம் முந்திய கிழமை வந்திருந்தது.

“அவங்கட குடும்பத்தோட எனக்குப் பழக்கம் மிஸ். ஊர் ஆள் எண்ட முறையில கதைச்சன். அவங்க விரும்பித்தான் மாத்தினாங்க.”

அவள் உட்கார்ந்தாள். அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை. முறைப்பாடு நிலைக்கவில்லை. முன்னால் இருந்த தாள்களையும் என் வாக்குமூலத்தையும் வைத்து அந்தப் பெண்மணி வேறு எந்த முடிவுக்கும் வந்திருக்க முடியாது. எல்லாம் ஒழுங்காக, வாசிக்கக்கூடிய எழுத்தில் இருந்தது.

நான் மேற்கே போகும் நாள் மனைவி என் பையை அடுக்கினாள். இரண்டு சாரன், நான்கு சட்டை, மருந்து, தொழுகை விரிப்பு. “நீங்க போறதப் பத்தி ஊரில ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க” என்றாள். அது உண்மைதான். ஒருவரும் கேட்கவில்லை. சந்தோஷம் என்றார்கள். இந்தக் காலத்தில் வேலை கிடைப்பதே அல்லாஹ்வின் கிருபை என்றார்கள்.

தாய்த் தொழிற்சாலையின் வாசலில் முதல் நாளே அந்தப் பலகையைப் பார்த்தேன். தையல் இயந்திர இயக்குநர்கள் உடனடியாகத் தேவை. விடுதி வசதி உண்டு. வயது முப்பத்தைந்துக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். மூன்று மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. தமிழில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. விடுதியில் மலைநாட்டிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த இளம்பெண்கள் இருந்தார்கள். எங்கள் இயந்திரங்களில் சிலவற்றை அவர்கள் ஓட்டினார்கள். நான் ஒட்டிய சொத்து இலக்கங்கள் அவற்றில் அப்படியே இருந்தன. தைத்தது அதே சாம்பல் காற்சட்டை. தரப் பரிசோதனையில் பை பிழைத்து வருபவை ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். ஸ்டோர்ஸுக்குப் போகும் வழி அந்த மூலையைத் தாண்டித்தான்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன். போன முறை வந்தபோது கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு புடவைக் கடையில் அவளைக் கண்டேன். வாடிக்கையாளர்கள் விரித்துப் பார்த்துவிட்டுப் போட்ட துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் பொழுதுபடும் வரை நின்ற நிலையில் அதே வேலை என்று என் மனைவி முன்பே சொல்லியிருந்தாள். நான் காணாததுபோல் போயிருக்கலாம். அவளே வெளியே வந்தாள்.

“எப்பிடி காக்கா, அங்க சுகமா?”

“அல்ஹம்துலில்லாஹ். மகள் எப்பிடி?”

“இரிக்கா. பாஸ்.” துணி மடித்த கையாலேயே முந்தானையைச் சரிசெய்தாள். “அங்க ஆள் எடுக்கிறாங்களாம் எண்டு கேள்விப்பட்டன். உண்மையா?”

இந்த ஒரு தடவையாவது என்று நினைத்தேன். “ஓம்” என்றேன். “வாசல்ல போர்ட் போட்டிரிக்கி.”

“ஹொஸ்டல்?”

“இரிக்கி.”

“நல்லதா?”

“நல்லது.”

“நான் விண்ணப்பம் போடட்டா? புதுசாச் சேரற ஆள் மாதிரி. பழைய சேவை ஒண்டும் கேக்கமாட்டன்.”

அவளுக்கு இந்த வருடம் முப்பத்தெட்டு முடிகிறது. அவளுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதியை ஆளணிக் கோப்பில் வைத்தவன் நான். பலகையில் இருந்த மூன்றாவது வரியையும் சொன்னேன்.

அவள் உணவறையில் சிரித்த அதே சிரிப்புச் சிரித்தாள்.

“அதையும் நீங்கதானா காக்கா எழுதின?”

“இல்ல” என்றேன்.

அது உண்மை. அவள் நம்பவில்லை.